நாகப்பனின் நாலு சுற்று

எழிலரசனுக்கு இரண்டு வேலை. ஷிப்ட் நாட்களில் வல்லம் வடகால் எஸ்டேட்டில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனியில் மோல்டிங் லைன். மற்ற நேரத்தில் சாவு, கல்யாணம், காவடி என்று எதற்குக் கூப்பிட்டாலும் பேண்டு செட்டில் சாக்ஸபோன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். சின்ன வயதில் இளைப்பு இருந்ததாம். இளைப்பு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பேண்டு செட்டை ஆரம்பித்தவர் அவருடைய தாய்மாமன் துலுக்காணம். டிரம்பெட் வாசிப்பவர், செட்டுக்குத் தலைவர், பேரம் பேசுபவர், திட்டுபவர் எல்லாம் அவரே. டிரம் வாசித்தது எழிலரசனின் அண்ணன் நாகப்பன். அவருடைய அடி எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாக விழும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஓர் இடத்தில் வந்து நின்றால், அது ஒரு நொடி தயங்கிப் பின்னால் வந்து சேரும். கேட்பவர்களுக்கு அது பிடித்திருந்தது. துலுக்காணத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"டேய், நீ அடிக்கிறதுக்குள்ள பொணம் சுடுகாடு போய்ச் சேந்துடும் போல கீதே!"

"போவட்டும் மாமா. தம்பி மூச்சு வாங்கினு கீறான் இல்ல?"

உண்மையும் அதுதான். பத்து வயதில் சாக்ஸபோனைத் தூக்க முடியாமல் தூக்கி, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இளைத்த தம்பிக்காக நாகப்பன் காத்திருந்து அடித்தார். தம்பி வளர்ந்தார். அண்ணனின் கை காத்திருக்கும் வழக்கத்தை விடவில்லை.

ஒரு விடியற்காலையில் படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், ஒரகடம் கூட்ரோட்டில் நாகப்பனின் பைக் மீது கன்டெய்னர் லாரி ஏறியது. டிரம் பின்னால் ஷேர் ஆட்டோவில் மற்றவர்களோடு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணி பாஞ்சாலி அதைத் தன் வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தார்.

அதற்குப் பிறகு டிரம் அடிக்க வந்தவர்கள் யாரையும் எழிலரசன் நிலைக்கவிடவில்லை. ஒருவன் தாளத்தை விட்டு ஓடுகிறான் என்றார். ஒருவன் தகரத்தைத் தட்டுவது போல் தட்டுகிறான் என்றார். நன்றாக அடித்த ஒருவனை, அவன் வாயில் ஹான்ஸ் புகையிலை ஒதுக்குவதாகச் சொல்லி அனுப்பினார். டிரம் இல்லாமல் நடந்த செட்டைப் பார்த்து ஊர் சிரித்தது. துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு கம்பெனி புதிய மெஷின்களுக்காக எட்டுப் பேரை பிரான்ஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அதில் எழிலரசன் ஒருவர். மொழிபெயர்க்க, கம்பெனி ஆபீசில் பிரெஞ்சு தெரிந்த என்னை அனுப்பினார்கள்.

*

நாங்கள் போன ஊர் பிரான்ஸின் நடுவில், அணைந்துபோன எரிமலைகளுக்குக் கீழே இருந்தது. எரிமலைக் கல்லிலேயே கட்டிய ஊர். தேவாலயம் கறுப்பு, தெருச்சுவர் கறுப்பு, ஜன்னல் விளிம்புகூடக் கறுப்பு. குளிர்காலத்தில் மத்தியானம் முடிவதற்குள் இருட்டிவிடும். எட்டுப் பேரும் ரசம் வைத்துக் குடித்துவிட்டு போனில் வீட்டுடன் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எழிலரசனோடு ஓர் அறையில் தங்கியவர் மகாராஜா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் ஆறு பேரோடு வாடகை அறையில் இருப்பவர். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் டிரம் அடித்த கை அது, சும்மா இருக்காது. மேஜை, சட்டி, ஹீட்டர் எதையும் விடாது.

"நிறுத்துடா. மண்டைய ஒடைக்கிற," என்பார் எழிலரசன்.

"அண்ணாச்சி, குளிர்ல கை வெறச்சுப்போவுது. தட்டுனாத்தான் ரத்தம் ஓடும்."

"ஓடட்டும். வெளிய போய் ஓடு."

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த போர்மேன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்களைத் தன்னோடு அழைத்துப் போனார். பழைய ஒயின் கடை ஒன்றின் அடியில், படியிறங்கிப் போகிற நிலவறை. கல் வளைவுகளின் கீழே பத்துப் பதினைந்து நாற்காலிகள். ஒரு பியானோ, ஓர் ஆளுயர வயலின் போன்ற வாத்தியம், ஒரு டிரம்பெட். மூலையில் சாம்பல் நிறத் துணி போர்த்திய டிரம் செட். ஆள் இல்லை.

பியானோ வாசித்தவர் ஒதீல் என்ற எழுபது வயதுப் பெண்மணி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எழிலரசன் ஊரில் சாக்ஸபோன் வாசிப்பவர் என்று நான் சொன்னதும், அவர் நாற்காலியை எங்கள் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிற செட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்படியானால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஜாஸ் இசையும் இங்கே நடந்துதான் வந்தது," என்றார்.

அவர் தாத்தா அந்த ஊர் நகராட்சி பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். முதல் உலகப் போர் முடிகிற வருஷத்தில், கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்களின் பேண்டு ஒன்று ஊர்ப் பூங்காவில் வாசித்ததாம். அதே பித்தளை, அதே வாத்தியங்கள். ஆனால் பாட்டு நேராக நடக்கவில்லை. நொண்டியது, பிறகு தாவியது, விழப்போவது போல் சாய்ந்து விழாமல் நின்றது. தாத்தா வீட்டுக்குப் போய் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு அணிவகுப்பில் ஒவ்வொரு சுரத்தையும் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக விட்டார். "நொண்டிக்கு ராணுவ நடை எதற்கு?" என்று பேண்டு மாஸ்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

கொஞ்சம் லேட்டாக என்று நான் தமிழில் சொன்னபோது எழிலரசன் நிமிர்ந்து பார்த்தார்.

பத்து வருஷத்துக்குள் இந்த மலைக் கிராமங்களில் எல்லாம் அது பரவியது என்றார் ஒதீல். நடனத்துக்கு அக்கார்டியன் வாசித்தவர்கள் ஆளுக்கொரு டிரம் செட் வாங்கினார்கள். கிராமத்தார் அந்த டிரம்மைத்தான் ஜாஸ் என்று அழைத்தார்கள். கல்யாண வீட்டார் வாத்தியக்காரரிடம் ஜாஸ் இருக்கிறதா என்று கேட்டால், டிரம் கொண்டுவருவாயா என்று பொருள்.

"எங்க ஊர்லயும் அப்படித்தாம் கேப்பாக. செட்டு உண்டாடே?" என்று மகாராஜா சிரித்தார்.

பாரிஸில் வேறு கதை. போர் முடிந்தும் ஊர் திரும்பாத கறுப்பின இசைக்காரர்கள் அங்கே விடுதிகள் நடத்தினார்கள். சொந்த நாட்டில் பின்வாசல் வழியாக நுழைய வேண்டியிருந்தவர்கள், இங்கே முன்வாசலில் நுழைந்தார்கள். பணக்காரர்கள் ஆட வந்தார்கள். பிறகு மாணவர்கள் வந்து, ஆடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். இசைத்தட்டு கேட்பதற்கென்றே சங்கம் வைத்தார்கள். ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நடனத்துக்குத் தடை. அமெரிக்கப் பாட்டுக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டி, வேறு எதையோ வாசிப்பது போல் வாசித்தார்கள். ஒதீலின் அப்பா இதே நிலவறையில் டிரம் மேல் கம்பளியைப் போட்டு, அதன்மேல் அடித்தாராம். மேலே பூட்ஸ் சத்தம் கேட்டால் கம்பளி அப்படியே இருக்க, கை நின்றுவிடும். போர் முடிந்ததும் இளைஞர்கள் ஆசைக்காகவே நிலவறைகளுக்குள் இறங்கினார்கள். பழைய மாதிரி வாசிப்பதா புதிய மாதிரியா என்று சண்டை மூண்டது. அவருடைய இரண்டு சித்தப்பாக்கள் அதற்காகப் பேச்சை நிறுத்தி, கடைசிவரை பேசாமலே இறந்தார்கள்.

"இப்போது இசைப் பள்ளியில் இதற்குப் பரீட்சை வைக்கிறார்கள். மேயர் வந்து முதல் வரிசையில் உட்காருகிறார். என் அப்பா ஒளிந்து வாசித்தது என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம். அதையும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள்."

சிரித்தார். பிறகு பியானோ பக்கம் பார்த்தார்.

"எங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறோம். கொண்டுவந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணிலேயே புதைந்தார்கள். பெயர்கூட யாருக்கும் தெரியாது. எதை வாசித்தாலும், எனக்கு முன்னால் யாரோ அதை வாசித்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும்."

*

வாசிப்பு ஆரம்பித்தது. ஒரு பாட்டில் ஆளுக்கு நாலு சுற்று தாளம் மாற்றி மாற்றி வாசிக்கும் முறை வந்தது. டிரம்பெட் நாலு சுற்று, அடுத்த நாலு டிரம்முக்கு. பியானோ நாலு சுற்று, அடுத்த நாலு மறுபடி டிரம்முக்கு. டிரம்மின் முறை வந்தபோது எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். அறையில் சத்தமே இல்லை. வாசிப்பவர்களின் குதிகால்கள் மட்டும் கல்தரையில் மெல்ல எண்ணிக்கொண்டிருந்தன. நாலு சுற்று முடிந்ததும், இடையில் எதுவுமே நிற்காதது போல எல்லாரும் சேர்ந்து ஏறினார்கள். யாரும் கைதட்டவில்லை. துணி போர்த்திய டிரம்மை யாரும் பார்க்கவும் இல்லை.

எழிலரசன் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"யாரு மேடம் அடிக்கிறது?"

"யாரும் அடிக்கலையே."

"அடிக்கிறாங்க. லேட்டா வுழுது பாருங்க."

மகாராஜா என்னைப் பார்த்தார். நான் மூலையைப் பார்த்தேன். துணி அசையவில்லை.

டிரம் ஒதீலின் கணவர் லூசியேனுடையது. அவர் இறந்த பிறகு அந்த இடத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வேறு வழி தெரியாமல் அவருடைய நாலு சுற்றை வெறுமனே விட்டார்கள். நாளாக ஆக அதுவே அந்த நிலவறையின் முறையாகிவிட்டது.

அந்த நேரத்தில் அவர் வருகிறாரா என்று கேட்கச் சொன்னார் எழிலரசன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்டேன்.

"உயிரோடு இருந்தபோதே அவர் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை," என்று ஒதீல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்குக் கேட்டதில்லை. ஒவ்வொரு வியாழனும் கேட்டுப்பார்க்கிறேன்."

அடுத்த சில வாரங்களில் யாரோ இரவல் கொடுத்த சாக்ஸபோனில் எழிலரசனும் வாசித்தார். நம் ஊர் முருகன் பாட்டு ஒன்றை அவர் எடுக்க, அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எங்கோ போனார்கள். டிரம்மின் இடம் வரும்போதெல்லாம் எழிலரசன் வாத்தியத்தை இறக்கிக் கண்ணை மூடுவார். முகம் தெளியும். அண்ணன் இறந்த பிறகு அவர் அப்படி இருந்து பார்த்ததில்லை என்று உடன் வந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது போல.

*

ஊர் திரும்பியதும் அவர் மாமனிடம் சொன்னது ஒன்றுதான். டிரம்முக்கு ஆள் தேட வேண்டாம். டிரம் வரவேண்டிய இடத்தை அப்படியே விட்டு வாசிக்கலாம்.

"இத்த கத்துகினு வரவா பிளேன் ஏறிப் போன? சும்மா நிக்கிறதுக்கு?" என்றார் துலுக்காணம்.

"நின்னா போதும் மாமா. வருவாரு."

"யாரு?"

எழிலரசன் சொன்னார். துலுக்காணம் சரி என்றுவிட்டார். நாகப்பனைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

கல்யாணங்களில் சனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்தார்கள். வினை ஒரு சாவில் வந்தது.

வல்லக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிழவியின் சாவு. எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஓர் இடத்தில் பாடையை இறக்கி, தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். பேண்டு நின்றால் அந்த இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். தூக்குகிறவர்கள் முன்னால் யாரையும் பார்ப்பதில்லை, காதைத்தான் நம்புவார்கள். அன்றைக்கு எழிலரசன் நாலு சுற்றை விட்ட இடம், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் வாசல். மறுநாள் கிரகப்பிரவேசம். இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. பேண்டு நின்றது. பாடை இறங்கியது. பெண்கள் சுற்றிவந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார். "யோவ்! என் வூட்டு வாசல்தான் கெடச்சுதா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பேண்டு நின்னுச்சு, எறக்கனோம். அவங்கள கேளு!"

தள்ளுமுள்ளு ஆனது. செத்தவரின் மகன் துலுக்காணத்தின் சட்டையைப் பிடித்தார். டிரம்பெட் கீழே விழுந்து அதன் வாய் நசுங்கியது. கிரகப்பிரவேசம் தள்ளிப்போனது. செய்தி படப்பைவரை போனது. செட்டைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு செட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"அத்தெல்லாம் போவட்டும்மா," என்று துலுக்காணம் பின்னால் என்னிடம் சொன்னார். "அவ்ளோ பேரு என்ன அடிக்க வராங்க. இவன் நடுரோட்டுல கண்ண மூடிகினு நிக்கிறான். சிரிச்சிகினு. எனக்கு அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு."

*

சாக்ஸபோனின் வாயில் வைக்கும் மெல்லிய நாணல் சீவல்கள் ஒரு பெட்டி, ஒதீல் எழிலரசனுக்காகக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துலுக்காணத்தின் வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்து ஷெட்டில் அவர் நசுங்கிய டிரம்பெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். எழிலரசன் அருகில் உட்கார்ந்திருந்தார். அப்போது பாஞ்சாலி வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவருக்கு. ஷிப்ட் முடித்து, யூனிபார்ம் புடவையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார்.

"எழிலு, மாமா சொல்றது நெஜமா?"

"இன்னா சொன்னாரு அண்ணி?"

"உங்க அண்ணன் அடிக்கிறது உனக்குக் கேக்குதாமே."

எழிலரசன் தரையைப் பார்த்தார். "கேக்குது அண்ணி."

"எப்டிக் கேக்குது?"

"எப்பவும் போலத்தான். கொஞ்சம் லேட்டா."

பாஞ்சாலி சிரித்துவிட்டார். சிரித்த வாயோடே சொன்னார்:

"ரெண்டு வருசத்துக்கு மேலா அவரு படுத்த எடத்துலதான் படுத்துகினு கீறேன். ஒரு நாளு கனவுல வந்தது கெடையாது. போன்ல அவரு குரலு ஒண்ணும் இல்ல, மெசேஜுதான். எல்லாம் ‘ம்’, ‘வரேன்’, அவ்ளோதான். பொண்டாட்டிக்கு வராதவரு உன் நாலு சுத்துக்கு வராரா?"

"நா இன்னா பண்றது அண்ணி? நானா கூப்பிடல."

"எனக்கும் கேக்க வை."

துலுக்காணம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாஞ்சாலி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தார்கள். டிரம்பெட் நசுங்கிய குரலில் வந்தது. டிரம்மின் இடம் வந்தது, நிறுத்தினார்கள். வெளியே எஸ்டேட் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றியது.

"கேட்டுச்சா அண்ணி?"

"இல்ல. இன்னொரு வாட்டி."

இன்னொரு முறை. அதற்கும் அடுத்து ஒரு முறை. பாஞ்சாலி எழுந்து வீட்டுக்குப் போய், டிரம்மைத் தானே இறக்கி இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து நடுவில் போட்டார். புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி வாசித்தார்கள். இந்த முறை எழிலரசன் அந்த மௌனத்தில் தலையை அசைத்துக் காட்டினார், இதோ, இதோ, இங்கே என்று. பாஞ்சாலி கண்ணிமைக்காமல் அவர் தலையையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுண்டியது.

"போதும். உன் தல ஆடறது ஒண்ணுதான் தெரியுது." டிரம் பக்கம் திரும்பினார். "அப்ப நா யாரு அவருக்கு?"

அவர் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஆடிக் கிருத்திகைக்கு நம்ம தெரு காவடி போவுது. இத்த யாராச்சும் அடிக்கணும். உன் கம்பெனித் தெக்கத்திப் பையன் டிபன் பாக்ஸெல்லாம் தட்டிகினு திரியறானே, அவன கூப்புடு."

"அண்ணி, வேற ஆளு கை பட்டா..." எழிலரசன் மூச்சு வாங்கினார். "எடம் இருந்தாத்தான வருவாரு?"

"எடம் வுட்டுத்தான பாத்த. எனக்கு வந்தாரா?"

அவர் போன பிறகு எழிலரசன் நாணல் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி வைத்தார். "மேடம், அவங்க கேக்கறது நியாயந்தான் இல்ல?" என்றார். அவருக்கு அண்ணன் இருந்த ஒரே இடம் அது. அதை அவரே இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் கேன்டீனில் மகாராஜாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. அவுக அடிச்ச இடத்துல நான் எப்படி அடிக்க?"

"நீ அடி. அண்ணி சொல்லிட்டாங்க."

"உங்களுக்குச் சம்மதமா?"

எழிலரசன் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

*

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் வல்லக்கோட்டைக் கோயில் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியே பையன்கள் போனை நீட்டிக் காவடிகளைப் படம் எடுத்தார்கள். வல்லம் வடகால் தெருவின் காவடிகளுக்கு முன்னால் செட்டு. மகாராஜாவின் தோளில் நாகப்பனின் டிரம். பின்னால் பால்குடம் தூக்கிய பெண்கள், அவர்களில் பாஞ்சாலி. நான் பெண்கள் வரிசையின் ஓரமாக நடந்தேன்.

பாட்டு ஏறி, டிரம்மின் முறை வந்தது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் நின்றன. மகாராஜா அடித்தார். அந்தக் கையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அடி சுத்தமாக, விழவேண்டிய இடத்தில் விழுந்தது. பஸ்ஸிலிருந்து விசில் அடித்தார்கள்.

எழிலரசன் கண்ணை மூடியிருந்தார். அந்தச் சத்தத்தின் அடியில் காதை வைத்துத் தேடினேன் என்று பிறகு சொன்னார். ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் இல்லை. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் நிற்பது போல இருந்ததாம். பாட்டை மறுபடி எடுத்தபோது வரியின் நடுவில் அவருக்கு மூச்சு முட்டியது. டிரம் காத்திருக்கவில்லை, முன்னே போய்விட்டது. அவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை டிரம் தனியாக வந்தபோதுதான் பாஞ்சாலி நின்றார். பின்னால் வந்தவள் அவர் மேல் மோதினாள். குடத்திலிருந்து பால் சிந்தி அவர் நெற்றியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. பார்வை மகாராஜாவின் மேல் இல்லை. அவருக்குப் பின்னால், இடது பக்கமாக, யாரும் நடக்காத ஓர் இடத்தில் இருந்தது. நாலு சுற்று முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு, "போ, போ, வழிய வுடு," என்று பின்னால் இருந்தவளே அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அபிஷேகம் முடிந்து, கோயில் குளத்தருகே மரநிழலில் பாக்குமட்டைத் தட்டுகளில் தயிர்சாதம் கொடுத்தார்கள். செட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். துலுக்காணத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு வாய் நிறையப் பேச்சு. இரண்டு பேர் அங்கேயே வந்து தேதி கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எழிலரசன் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பாஞ்சாலி வந்து நின்றார். நெற்றியில் பால் காய்ந்திருந்தது.

"எழிலு, இன்னைக்கி ரெண்டு டிரம்மா வெச்சீங்க?"

மகாராஜா வாயில் சோற்றோடு நிமிர்ந்தார். எழிலரசன் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"ஒண்ணுதான் அண்ணி."

"ஒண்ணுதானா? நல்லாப் பாத்துச் சொல்லு. வேற செட்டு ஏதாச்சும் பின்னால வந்துச்சா?"

"இல்ல அண்ணி. நம்மளுது ஒண்ணுதான். இவன்தான் அடிச்சான்."

பாஞ்சாலி முந்தானையை இழுத்துத் தோளில் சொருகிக்கொண்டார்.

"ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சு. பின்னாலயே. கொஞ்சம் வுட்டு வுட்டு."

எழிலரசன் அண்ணாந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. இத்தனை நாள் கழித்தும் அண்ணியிடம் சொல்லவில்லை.

"மாமா, அடுத்தது எங்க?" என்று பாஞ்சாலி கேட்டார்.

"மணிமங்கலம். கல்யாண ஊர்வலம். இன்னாத்துக்கும்மா?"

"நானும் வரேன்."

துலுக்காணம் எழிலரசனைப் பார்த்தார். எழிலரசன் தலையை ஆட்டினார். பிறகு மகாராஜாவின் கையை விட்டு, "மணிமங்கலத்துலயும் இதே மாதிரி அடி. எதையும் மாத்தாத," என்றார்.